அப்பாவுக்குக் கரண்டு பிடித்த காலம்

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மின்சாரம் வந்தது நான் பிறந்த வருஷத்தில். அப்பாவுக்குக் கரண்டு பிடித்தது எனக்குப் பதினொரு வயதானபோது. முதல் கரண்டு வந்த அன்று கோயிலில் பொங்கல் வைத்தார்களாம். இரண்டாவது வந்தபோது பக்கத்துக் காம்பரா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை செய்வதைத்தான் எங்கள் பக்கத்தில் ‘கரண்டு பிடிக்கிறது’ என்பார்கள். சிங்களத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள். ஆகவே அந்தப் பயத்தில் மட்டும் இரண்டு பாஷைக்காரர்களுக்கும் பேதம் இருக்கவில்லை.

அப்பா கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். குளிருக்கும் அட்டைக்கும் புகையிலையே மருந்து என்று நம்புகிற கூட்டத்தைச் சேர்ந்தவர். நாக்குக்கு அடியில் வந்த புண், வாய் கொப்பளிக்கக் கொடுத்த மருந்துக்கு அடங்கவில்லை. அடங்காது என்று தெரிவதற்குள் அது கழுத்தில் ஒரு கட்டியாக இறங்கிவிட்டது. நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். கிழமையில் ஐந்து நாள் வீதம், ஆறேழு கிழமை கரண்டு பிடிக்க வேண்டும் என்றார்கள். கண்டிக்கு வெளியே அத்தை வீடு இருந்தது. திங்கள் விடியப் போய் அங்கே தங்கிக்கொண்டு வெள்ளி இரவு திரும்பி வருவார் அப்பா.

வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். எனக்கு மூத்தவள் அக்கா. கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம், கணிதப் பிரிவு. எங்கள் தோட்டத்திலிருந்து அந்தப் பிரிவுக்குப் போன முதல் ஆள் என்பதால் சங்கத் தலைவர் முதல் கங்காணி வரை எல்லாரும் அவளை ‘இஞ்சினியர்’ என்றார்கள். கடைக்குட்டி தம்பி. இரண்டு வயது நிரம்பவில்லை. அப்பாவின் தோளிலேயே வளர்ந்தவன். அப்பா வேலை முடிந்து வந்தால் கவ்வாத்துக் கத்தியை இறக்கி வைத்த தோளில் அவன் ஏறிவிடுவான்.

இஞ்சினியருக்கு ஒரு குறை இருந்தது. பௌதிகவியல் படிப்பித்த சேர் மாற்றலாகி ஊருக்குப் போய்விட்டார். பதிலுக்கு ஒருவர் வருகிறார் என்று அதிபர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலைக் கூட்டத்தில் சொன்னார். அவர் வரவேயில்லை. அக்கா புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே படித்தாள். அடுப்படிக்கும் முன்வாசலுக்கும் நடந்துகொண்டு சத்தமாகப் படிப்பாள். புரோத்தன் நேர் ஏற்றம், இலத்திரன் மறை ஏற்றம், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதெல்லாம் பொருள் தெரியாமலே எனக்குப் பாடமாகிவிட்டது.

ஒருநாள், அப்படி இழுக்கிறதென்றால் இலத்திரன் ஏன் போய்ப் புரோத்தன்மேல் விழவில்லை என்று கேட்டேன். அக்கா நடப்பதை நிறுத்தினாள்.

“விழாதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு” என்றாள்.

அந்தப் பதில் அவளுக்கே பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. மறுநாள் இரசாயனம் படிப்பிக்கிற டீச்சரிடம் கேட்டிருக்கிறாள். அது பரீட்சைக்கு வராது என்று டீச்சர் ஆறுதல் சொன்னாராம்.

அப்பா இரண்டாவது கிழமை கண்டிக்குப் போய் வந்தபோது கழுத்துத் தோல் கறுக்கத் தொடங்கியிருந்தது. வெயிலில் காய்ந்த கறுப்பல்ல. பாத்திரத்தில் அடிப்பிடித்தது போன்ற கறுப்பு. சோறு இறங்கவில்லை. கஞ்சியை ஆற வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். அதைப் பார்த்ததும் பக்கத்துக் காம்பராப் பெரியம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. அவருடைய மருமகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. இரண்டு காம்பராவுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். கரண்டு பிடித்த ஆள் அந்தச் சுவரில் சாய்ந்து உட்காருகிறார். வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும்? மருமகளை ராகலைக்கு, அவளுடைய தாய் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அனுப்பிய காரணத்தைப் பெரியம்மா யாரிடமும் மறைக்கவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்தது.

பெரியப்பாவுக்குத் தொழிற்சாலையில் மெசின் பக்கம் வேலை. நல்ல மனுஷர். மனைவியின் வாயை அடைப்பதற்காகவோ தன் மனதைத் தேற்றிக்கொள்வதற்காகவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டெஸ்டரை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். பிளக்கில் கரண்டு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வைத்திருப்பார்களே, உள்ளே சின்ன பல்பு எரிகிற திருப்புளி, அதுதான்.

“தப்பா நினைக்காத தம்பி. சும்மா ஒரு மனசுத் திருப்திக்கு” என்றார்.

அப்பா சட்டைக் கையை மடித்து நீட்டினார். லயமே கூடி நின்றது. பெரியப்பா டெஸ்டரின் நுனியை அப்பாவின் முழங்கையில் வைத்தார், பிறகு கழுத்தில் கறுத்த இடத்தில் வைத்தார். அப்பா கழுத்தைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பிக்கொண்டு கேட்டார்: “எரியுதாண்ணே?”

எரியவில்லை. பெரியப்பா எல்லாருக்கும் காட்டினார். அது உள்ளே போய் ஒளிந்துகொண்டிருக்கும் என்று பெரியம்மா சொன்னார். கூட்டம் கலைந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவேயில்லை. அப்பா சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ‘எரியுதா’ என்று அவர் கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அது எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் பெருமழை. அம்மா கொழுந்து பறிக்கப் போனவள் இன்னும் வரவில்லை. தம்பி அப்பாவின் மடியில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். அக்கா வழக்கம்போலப் புத்தகத்தோடு நடந்துகொண்டிருந்தாள். அப்பா அவளைக் கூப்பிட்டார்.

“அம்மாடி, இந்தக் கரண்டு உடம்புக்குள்ள போயி என்னதான் செய்யுது?”

அக்காவின் பாடத்தைப் பற்றி அதுவரை அந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. என்னைத் தவிர. என் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்கவில்லை. இதற்கு இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு அப்பாவுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் என்று தொடங்கினாள். தண்ணீரில் ஐதரசன் இருக்கிறது. ஒரு ஐதரசன் அணு என்பது ஒரு புரோத்தனும் ஒரு இலத்திரனும் மட்டும்தான். புரோத்தன் இழுத்துப் பிடித்து வைத்திருப்பதால் இலத்திரன் அதைவிட்டுப் போகாது. ஆனால் அது நினைத்த இடத்தில் நிற்கவும் முடியாது. லயத்துக்கு ஏறுகிற படி மாதிரி சக்தி மட்டங்கள் இருக்கின்றன. இந்தப் படியில் நிற்கலாம், அடுத்த படியில் நிற்கலாம், இரண்டுக்கும் நடுவில் நிற்க முடியாது. மேலே ஏற வேண்டுமென்றால் வெளியிலிருந்து சக்தி வேண்டும். அந்தச் சக்தியும் குழாய்த் தண்ணீர் மாதிரி வராது, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். சொட்டுச் சின்னதாக இருந்தால் எத்தனை ஆயிரம் விழுந்தாலும் இலத்திரனைப் பிடுங்க முடியாது. ஆஸ்பத்திரிக் கதிரில் வருவது பெரிய சொட்டு. ஒன்று பட்டால் போதும், இலத்திரன் புரோத்தனைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போய்விடும். போகிற வழியில் இன்னும் பல இலத்திரன்களை இடித்து அவற்றையும் கழற்றிவிடும். அப்படிக் கட்டுக் கலைகிறபோது நோய் பிடித்த கலங்கள் செத்துப்போகும்.

இதைவிடத் தெளிவாக ஓர் ஆசிரியர்கூடச் சொல்லியிருக்க மாட்டார். அப்பா வாயைப் பாதி திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மழை தகரத்தில் அடித்த இடங்களில் மட்டும் அக்கா குரலை உயர்த்தினாள்.

“பிச்சுக்கிட்டுப் போச்சே, அது எங்க போவும்?” என்றார் அப்பா.

அக்கா யோசித்தாள். புத்தகத்தில் அந்த இடத்துக்கு மேல் இல்லை.

“போயிக்கிட்டே இருக்கும்பா. எதுலயாவது போயி ஒட்டுற வரைக்கும்.”

“எதுலயாவதுன்னா?”

“எதுலன்னாலும்தான். பக்கத்துல என்ன இருக்கோ அதுல.”

அப்பா தலையாட்டினார். பிறகு தம்பியின் தலையை இரண்டு கையாலும் தூக்கி, தலையணையை இழுத்து அதில் வைத்தார். எழுந்து முன்னால் இஸ்தோப்புத் தாழ்வாரத்துக்குப் போய்ச் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டார். அக்கா முகம் மலர்ந்து மறுபடி புத்தகத்தை எடுத்தாள்.

இப்போது அந்தப் பாடத்தைத்தான் நான் மலைநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறேன். அக்கா சொன்னதில் ஒரு வரிகூடப் பிழை இல்லை. அதில் விடுபட்டது ஒரே ஒரு விஷயம், தூரம். பிய்ந்த இலத்திரன் உடம்புக்குள்ளேயே இடித்து இடித்துச் சக்தியை இழக்கிறது. மிஞ்சினால் ஒரு விரலகலம் போகுமோ என்னவோ. அதற்குள் இலத்திரனை இழந்து நிற்கிற வேறொரு அணு அதை இழுத்துக்கொள்கிறது. அந்த அணுவின் கருவிலும் இருப்பது புரோத்தன்தான். கண் இமைக்கிற நேரத்தில் இலட்சத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மெசினை நிறுத்தியதும் எல்லாம் முடிந்தது. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வெளியே வருவதற்கு அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நான் கேட்ட கேள்விக்கும் பதில் இருக்கிறது. இலத்திரனைச் சின்ன இடத்தில் ஒடுக்க ஒடுக்க அதன் வேகம் கூடிக்கொண்டே போகும். புரோத்தனின் இழுப்பும் அந்தத் துள்ளலும் ஒன்றுக்கொன்று ஈடாகிற ஒரு தூரம் உண்டு. அதற்குக் கீழே இறங்க இலத்திரனுக்குப் படி கிடையாது. வகுப்பில் அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். அக்காவுக்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்க ஆள் இருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அப்பா வீட்டுக்குள் படுக்கவில்லை. உள்ளே வேர்க்கிறது என்றார். எங்கள் தோட்டத்தில், ஆனி மாசத்தில், உள்ளே வேர்ப்பதாகச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். தட்டையும் கோப்பையையும் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். தம்பி கையை நீட்டிக்கொண்டு ஓடினால் “தள்ளிப் போடா” என்று குரலை உயர்த்தினார். அந்தக் குரல் அவருடைய தொண்டையிலிருந்து கரகரவென்று வந்ததால் தம்பி பயந்து வீறிட்டான். நோய் முற்றினால் புத்தியும் இப்படித்தான் மாறும் என்று அம்மா எங்களிடம் சொன்னாள். அவரிடம் சண்டையும் போட்டாள்.

திங்கட்கிழமை வழக்கம்போலக் கண்டிக்குப் போனார். வெள்ளிக்கிழமை வர வேண்டியவர் புதன்கிழமை பகலிலேயே பையோடு வந்து நின்றார். முடிந்துவிட்டது, இனி வரத் தேவையில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார், நெடுநாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தார். அம்மா அடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள். பெரியம்மாகூட வந்து ஒரு கை வாங்கிக்கொண்டார். அக்கா மட்டும், ஆறேழு கிழமை என்றார்களே என்று ஒருமுறை கேட்டாள். கட்டி சீக்கிரம் கரைந்துவிட்டது என்றார் அப்பா. உண்மையிலேயே அது அப்போது சிறுத்துத்தான் இருந்தது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். தான் விளக்கிய பாடம் அப்பாவின் கழுத்தில் நிரூபணமாகியிருப்பதாக அவள் நினைத்திருக்க வேண்டும்.

சில நாள் கழித்து, உடம்பிலிருந்து கரண்டு இறங்கிவிட்டதாக அவராகவே கணக்குப் பண்ணிக்கொண்டபோது, உள்ளே வந்து படுத்தார். அப்போதும் தம்பியை மட்டும் தூக்கவில்லை.

கார்த்திகையில் கட்டி மறுபடி கிளம்பியது. இந்தமுறை சுருக்காக வளர்ந்தது. பள்ளிக்கூட விடுமுறை நேரம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு அக்கா கண்டிக்குப் போனாள். சுடுதண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். டொக்டர் சிங்களவர், நரைத்த தலை. அப்பாவின் கிளினிக் அட்டையைப் புரட்டியவர் நிமிர்ந்து, பாதியில் ஏன் வராமல் விட்டீர்கள் என்று கேட்டார். அக்கா, பாதியில் இல்லை, முடிந்துவிட்டது என்று நீங்கள்தானே அனுப்பினீர்கள் என்றாள். டொக்டர் அட்டையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். அக்கா அதைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

அப்பாவுக்குப் பேசுவது சிரமமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“வீட்டுல சின்னப் புள்ள இருக்கு. எங்கிட்டருந்து பிச்சுக்கிட்டுப் போயி அவன்மேல ஒட்டிக்கிட்டா என்னா செய்யிறது?”

அவர் என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார். அப்பா சொல்வதை டொக்டருக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டியவள் அக்கா. டொக்டர் சொல்வதை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவளும் அவளே. அவள் அட்டையை டொக்டர் பக்கமே நகர்த்தி வைத்தாள். பிறகு ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள்.

டொக்டர் கோபப்படவில்லை. கதிர் என்பது மெசின் ஓடும்போது மட்டும்தான், உடம்பில் எதுவும் தங்காது, யார் மேலும் எதுவும் போய் ஒட்டாது, பிள்ளையைத் தினமும் மடியில் போட்டுத் தூங்க வைத்திருக்கலாம் என்று மெதுவாக, அவளுக்கு விளங்குகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அக்கா அப்பாவின் பக்கம் திரும்பினாள். “ஒண்ணும் மிஞ்சாதாம்பா. தம்பிய நீங்க தூக்கியிருக்கலாமாம்” என்றாள்.

இந்தக் கதையை உங்களுக்கு யார் சொன்னது என்று டொக்டர் கேட்டார். அதை அக்கா தமிழில் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் வேலை செய்கிற மனிதருக்கு அந்த அளவு சிங்களம் தெரியும். அப்பாவே முந்திக்கொண்டு, உடைந்த சிங்களத்தில், லயத்துச் சனங்கள் சொன்னார்கள் என்றார்.

பெரியம்மாவைத்தான் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். டெஸ்டரைப் பற்றியும் டொக்டரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல் நொந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

மறுபடி கரண்டு பிடிக்க முடியாத கட்டத்துக்கு நோய் போயிருந்தது. வலிக்கு மருந்து கொடுத்தார்கள். ஹட்டன் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில் இடமிருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். “உக்காரும்மா” என்று அவர் இரண்டுமுறை சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முதல் வேலையாகத் தம்பியைக் கூப்பிட்டார். தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தம்பிக்கு அந்த மடி மறந்துபோயிருந்தது. ஏதோ முன்பின் தெரியாத ஆள் தூக்கியது போல விறைத்து, அழுது, இறங்கி, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா கையை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தார்.

தை பிறந்து ஒரு மாசம் இருக்கும், அப்பா செத்துப்போனார். ராகலையில் பேரன் சுகமாகப் பிறந்து, அவனையும் மருமகளையும் அழைத்து வந்திருந்த பெரியம்மாதான் முதலில் ஓடி வந்து அப்பாவின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் பொய் இருக்கவில்லை. அக்கா அழவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டேயிருந்தாள்.

அந்த வருஷம் அவள் பரீட்சை எழுதவில்லை. அதிபர் ஆளனுப்பினார், தலைவர் நேரில் வந்து பேசினார், அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். கொழும்பில் ஒரு புடவைக்கடையில் ஆள் கேட்கிறார்கள், போகிறேன் என்று ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். அப்பன் போன துக்கம், குடும்பச் சுமை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் அப்படியே நினைத்தாள்.

பஸ் ஏற்றிவிட நான்தான் அவளோடு மெயின் ரோட்டுக்குப் போனேன். பனி இறங்கியிருந்தது. பஸ்ஸின் வெளிச்சம் வளைவில் தெரிந்தபோது என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

“நீ நல்லாப் படி. ஆனா யாருக்கும் ஒண்ணும் சொல்லிக்குடுக்காத” என்றாள்.

ஏன் என்று கேட்பதற்குள் ஏறிவிட்டாள்.

கேட்க வேண்டிய அவசியமும் எனக்கு இருக்கவில்லை. வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைதான் கணக்கில் எனக்குப் போட்டி. அவள் என்னை முந்திவிடக்கூடாது என்று அக்கா கவலைப்படுகிறாள் என்று புரிந்துகொண்டேன். அந்தத் தவணை முழுக்க இடது கையால் கொப்பியை மறைத்துக்கொண்டே கணக்குச் செய்தேன். அவள் ஒன்று கேட்டாலும் தெரியாது என்றேன். தீபாவளிக்கு அக்கா வந்தபோது, முதலாம் இடம் வந்ததையும், இத்தனை நாளும் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்காததையும் பெருமையாகச் சொன்னேன். அவள் தம்பிக்கு வாங்கி வந்த சட்டையை விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை மறுபடி விரித்தாள். இவ்வளவு கட்டுப்பாடாக இருந்ததற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா என்று எனக்கு அவள்மேல் கோபமாக வந்தது.